தொட்டு எடுக்கும் கடை

நம் முனிரத்தினத்தின் நைனாவுக்கு இந்திராணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

திருப்பதியில் நான் சாமான் அடுக்கும் பெரிய கடைக்கு நேற்று நம் ஊர் பாகாலாவின் மளிகைக்கடைக்காரர் வந்தார். அந்தக் காலத்தில், கைக்குழந்தை முனிரத்தினத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கடை அரிசிமூட்டையைத் தொட்டுவிட்டேன் என்று என்னைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டினாரே, அவரேதான். இந்தக் கடைச் சீருடை நீலச் சேலையில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கா மறக்கும்?

"எடுத்துக் குடுக்க ஆளு இல்லியாம்மா?" என்றார்.

"இங்க யாரு வேணா தொடலாம் சாமி. நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றேன்.

நான் கைபட அடுக்கிய அரிசிப்பையைத்தான் தூக்கிக்கொண்டு போனார்.

தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை. பேத்தி பிரித்திகாவிடம் சொல்லிப் புளிச்சக்கீரைத் தொக்கு செய்யவைத்துக் கொண்டுவாருங்கள். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். வரும்போது பின்பக்கம் நிற்காதீர்கள். முன்வாசல் வழியாகவே உள்ளே வாருங்கள்.