ஸ்கூட்டரில் பாடிய பல்லவி

ஆகஸ்ட் 9, சனி.

சாயங்காலம் மகள் நந்தினி என்னைத் தல்லாகுளத்தில் ஒரு கச்சேரிக்கு அழைத்துப்போனாள். அவளுடைய கல்லூரி சீனியர்கள் நாலு பேர் புதிதாகத் தொடங்கிய பேண்ட். பாட்டெல்லாம் சொந்தம்தான். ஆனால் கீபோர்டும் டிரம்ஸும் அந்தக் காலத்துக் கல்யாண ஆர்கெஸ்ட்ரா மாதிரியே ஒலித்தன.

“கேட்டா ஏதோ பழைய நெனப்பா வருதும்மா” என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

அந்த வயதில் நான் அப்படியொரு ஆர்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் இனிமேல் பாடக் கூடாது என்றார்கள். அப்பா சரி என்றார். அதோடு முடிந்தது. இன்று அதை நினைத்தபோது அழுகை ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது விளாங்குடி தாண்டியதும் நந்தினி ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். பின்னால் உட்கார்ந்து அவர்களுடைய கடைசிப் பாட்டின் பல்லவியை நான் சத்தமாகவே பாடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“அம்மா, நீ பாடுவியா? இம்புட்டு நாளா சொல்லவே இல்ல?”

“நீ கேக்கவே இல்லையே.”

“இப்பக் கேக்குறேன். பாடு.”

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மறுபடி முதலிலிருந்து பாடினேன். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.

தொண்டை வலிக்கிறது. வெந்நீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும்.