உதட்டோரத்து வெள்ளை

இன்று காலை மகளுக்குத் தடுப்பூசி போட டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் குழந்தையின் கையில் தேய்த்தாள். அந்த வாசனைக்கு எல்லோருக்கும் ஊசிதான் ஞாபகம் வரும். எனக்கு நீ வந்தாய். கடைக்கு வருகிறவர்கள் பூசிப் பார்க்கிற லிப்ஸ்டிக் டெஸ்டர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் நுனியையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபடி, "நேத்து எத்தன பேரு வாய்க்குப் போய்ட்டு வந்துச்சோ, பாவம்" என்று அவற்றுக்காக இரக்கப்படுகிற நீ. குழந்தை வீரிட்டு அழுதது. நானும் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த நர்ஸ், "ஃபர்ஸ்ட் பேபியா மேடம்? எல்லா அம்மாவும் அழுவாங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் அந்தப் பெரிய கடையில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒக்கலிபுரத்திலிருந்து வருவேன், நீ லிங்கராஜபுரத்திலிருந்து. வெளிநாட்டுப் பெயர் போட்ட அழகுசாதனங்கள் அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வந்து அமரத் தொடங்கியிருந்தன. நமக்கு உட்கார நாற்காலி கிடையாது. வாடிக்கையாளருக்கு மட்டும் ஓர் உயரமான ஸ்டூல் இருந்தது. கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் அந்த ஸ்டூலின் கால்கம்பியில் ஒரு கால் மாற்றி ஒரு காலாக வைத்துக்கொள்வோம். அதுவே நமக்கு ஓய்வு.

பெண்கள் வரும்போதே "சும்மா பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் உடனே பேச ஆரம்பித்துவிடுவேன். இதில் விட்டமின் இருக்கிறது, இது வியர்வையில் கரையாது, இதற்கு ஒரு பவுச் இலவசம் என்று ஒப்பித்துக்கொண்டே போவேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த கவுண்டருக்கு நகர்ந்துவிடுவார்கள். நீ அப்படியில்லை. முதலில், "எங்க போறீங்க, கல்யாணத்துக்கா, ஆபீஸுக்கா?" என்று மட்டும் கேட்பாய். தமிழோ, கன்னடமோ, சிவாஜிநகர் உருதுவோ, வருகிறவரின் பேச்சு உன் வாயில் அப்படியே வந்துவிடும்.

பேங்கில் வேலை பார்த்த ஓர் அம்மா ஞாபகம் இருக்கிறதா? மூன்று சனிக்கிழமைகளாக வந்து, இரண்டு சிவப்புகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தவர். அன்றைக்கு நீ இரண்டையும் அவருடைய புறங்கையில் கோடாக இழுத்தாய். சற்று நேரம் பார்க்கவிட்டாய். பிறகு ஒன்றை எடுத்து மூடி போட்டு உள்ளே வைத்துவிட்டாய். "அய்யோ, அதன்ன யாக்கே ஒளகடெ இட்ரி?" என்று பதறினார் அவர். அதை ஏன் உள்ளே வைத்தீர்கள் என்கிற அந்தப் பதற்றத்திலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. நீ சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாய். அவர் போனபிறகு என்னிடம் சொன்னாய், "அவங்க கை நீளணும்டி. நம்ம கையே நீண்டுக்கிட்டு இருந்தா அவங்க எதுக்கு நீட்டுவாங்க?"

மாதக் கடைசியில் உன் டார்கெட் முடிந்திருக்கும். என்னுடையது முடிந்திருக்காது. "இந்த மேடத்த நீ பாரு" என்று, வாங்கப் போகிறவர் யாரென்று பார்த்தே தெரிந்துகொண்டு, அவரை என் பக்கம் தள்ளிவிடுவாய். அதற்கு நான் நன்றி சொல்ல வாயெடுத்தால், "போடி, எனக்குக் கால் வலிக்குது" என்பாய்.

முதல் வெள்ளை உன் கட்டைவிரலோரம் வந்தது. அரிசி அளவுதான். ஏதோ ஆசிட் பட்டுவிட்டது என்று நினைத்தோம். பிறகு மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று. டாக்டர் இது யாருக்கும் ஒட்டாது, வலிக்காது, ஆனால் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். வலிக்காது என்பதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ. ஒருநாள் நீ ஒருவர் கையைப் பிடித்து ஃபவுண்டேஷன் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் உன் விரலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை உருவிக்கொண்டார். "இது பரவுமா?" என்று உன்னிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "இல்ல மேடம், நீங்க பயப்படாதீங்க" என்று அவரைத் தேற்றினாய். அன்று முழுவதும் அந்தக் கையைக் கவுண்டருக்குக் கீழேயே வைத்திருந்தாய்.

அதன்பிறகு உதட்டோரத்தில் வந்தது, தாடையில் இறங்கியது. உன் அம்மா பயந்துபோனார். உனக்குப் பின்னால் தங்கை இருந்தாள். வெளியே தெரியக்கூடாது, முகத்தைச் சரிசெய்யாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். காலையில் எல்லோருக்கும் முன்னால் நாம் கடைக்கு வந்துவிடுவோம். ஸ்டாஃப் பாத்ரூம் கண்ணாடி முன் நீ இரண்டு நிறங்களைப் புறங்கையில் குழைத்து, ஸ்பான்ஜால் ஒற்றி, பவுடர் போட்டு, மறுபடி ஒற்றுவாய். நான் பக்கத்தில் நின்று ஓரம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வேன். ஒரு தடவை நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு நானே தெனமும் ஒரு சேல்ஸ் பண்றேன்டி" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாயும் மகளும் வந்தது ஒரு முகூர்த்த சீசனில். ஓசூர்ப் பக்கம் ஊர். கல்யாண ஜவுளி எடுத்த பைகளோடு வந்தார்கள். பெண் துப்பட்டாவைக் கழுத்துவரை சுற்றியிருந்தாள். அம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உன்னிடம் மெல்ல, "இத மறைக்க எதுனா இருக்குதாம்மா?" என்று துப்பட்டாவை விலக்கினார். காதுக்குக் கீழேயிருந்து தாடைவரை வெள்ளை. நான் உன்னைப் பார்க்காமல் கீழே குனிந்துகொண்டேன்.

நீ அவளை ஸ்டூலில் உட்காரவைத்தாய். உனக்கு இதில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் கழுத்து ஒரே நிறமாகிவிட்டது. அந்த அம்மா கைகூப்பினார். "எல்லாம் ரெண்டு ரெண்டு செட்டாக் குடும்மா" என்றார். நான் பில் போட ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் முதல்தடவையாகப் பேசினாள்.

"அக்கா, இது எவ்ளோ நேரம் நிக்கும்?"

"காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கும்."

"அதுக்கப்புறம்?"

கிளென்சிங் க்ரீமைப் பஞ்சில் எடுத்தாய். அவளுக்குத்தான் எடுக்கிறாய் என்று நினைத்தேன். உன் உதட்டோரத்தில் வைத்துத் துடைத்தாய். தாடையில் துடைத்தாய். பஞ்சு காவி நிறமாகிவிட்டது. அந்தப் பெண் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் இப்பிடித்தாம்மா இருக்கும்," என்றாய். "கட்டிக்கப் போறவருக்குத் தெரியுமா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"சொல்லிடு. இத வாங்கு, வேணாங்கல. ஆனா சொல்லிட்டு வாங்கு."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை வாசல்களில் ஏறி இறங்கி அந்த ஒரு சம்பந்தத்தைப் பிடித்தாரோ. "உன்ன யாரு கேட்டது? பொருள் விக்கற வேலையப் பாரு" என்று சத்தம் போட்டார். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜரின் அறைக்கே போய்விட்டார். படியேறும்போது அந்தப் பெண் திரும்பி உன்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவளை நாம் பார்க்கவேயில்லை. அவள் சொன்னாளா, சொல்லவில்லையா, அந்தக் கல்யாணம் நடந்ததா, எதுவும் தெரியாது. நீ பல மாதங்கள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்கம்மா. நீ கொஞ்ச நாள் கீழ ஸ்டாக்ல இரு." அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. கடையிலேயே நன்றாக விற்கத் தெரிந்த நீ அடித்தளத்தில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாய். மதியச் சாப்பாட்டுக்கு நான் டிபன் பாக்ஸோடு இறங்கி வருவேன். அன்றிலிருந்து நீ முகத்தில் எதையும் பூசவில்லை. "மேல என்னடி நடக்குது? அந்த பேங்க்கம்மா வந்தாங்களா?" என்று கேட்பாய். நான் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நடித்துக்காட்டுவேன். நீ சிரிப்பாய். மேலே ஏறும்போது எனக்குத்தான் கால் நகராது.

வீட்டில் உன் அம்மா உன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்று சொன்னாய். சத்தியத்தை மீறிவிட்டாயாம். சர்ச்சில் உன் பக்கத்தில் உட்காராமல் தங்கையை நடுவில் உட்காரவைப்பாராம். "அவங்களுக்கு பயம்டி, கோவம் இல்ல" என்று அவருக்காக நீதான் வாதாடினாய்.

தங்கைக்குக் கோலார் தங்கவயலில் ஓர் இடம் முடிந்த வருஷம் அது. தலைவலிக்கிறது என்று ஒரு ஞாயிறு மதியம் படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். உனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

மறுநாள் காலை உன் தங்கை போன் செய்தாள். "அக்கா, அம்மா உங்கள வரச் சொன்னாங்க. மேக்கப் சாமானெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றாள். லிங்கராஜபுரம் பஸ்ஸில் மேக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் ஷாமியானா. உள்ளே வெள்ளைச் சேலையில் உன்னைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உன் அம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய மாதிரி பண்ணி விடும்மா. கேஜிஎஃப் மாப்பிள்ள வீட்டுக்காரங்க பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. அவங்க இவள நேர்ல பாத்ததில்ல."

"ஆன்ட்டி, அவ இப்பல்லாம் போடறதில்லையே" என்றேன்.

"தெரியும். எனக்காக. ஒரே ஒரு தடவ."

பெற்றவரிடம் நான் என்ன வாதாடுவது? உனக்காகப் பேசவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். இரண்டு நிறங்களையும் புறங்கையில் எடுத்துக் குழைத்தேன். உன் நிறம் எனக்கு மனப்பாடம். ஸ்பான்ஜை எடுத்துக்கொண்டு உன் பக்கம் குனிந்தேன். என்னால் முடியவில்லை. கை உன் முகம்வரை போய் நின்றுவிட்டது.

"என்னால முடியல ஆன்ட்டி. நீங்களே போடுங்க" என்று ஸ்பான்ஜை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டார். உன் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினார், சின்னப் பிள்ளைக்குப் பவுடர் போடுகிறவர்போல. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு ஸ்பான்ஜைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் உன் உதட்டோரத்து வெள்ளையைத் தடவினார். ஓரம் ஓரமாக, மெதுவாக.

"இந்த எடத்த நான் தொட்டதே இல்லம்மா," என்றார். "இத்தன வருஷத்துல ஒரு நாளும் தொட்டதில்ல."

அப்புறம் அவர் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. கதவைத் தட்டினார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தல மட்டும் சீவி விடு. போதும்" என்றார்.

கேஜிஎஃப்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா பெட்டியருகே குனிந்து பார்த்துவிட்டு, "என்னது, மொகத்துல இப்பிடி?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். மெல்லத்தான் கேட்டார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு அப்பிடித்தான் இருந்துச்சு. எம்பொண்ணு மொகம் இதுதான்" என்றார்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். தங்கையின் கல்யாணம் நின்றுபோகவில்லை. அடுத்த வருஷம் அதே சர்ச்சில் நடந்தது. நான்தான் அவளை அலங்கரித்தேன். உன் அம்மா சந்தோஷமாக இருந்த அந்த நாளிலும், முன்வரிசையில் தன் பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தார்.

நான் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு மாலில் இருக்கிறேன். வேலை அதேதான். கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்து சின்னச் சின்னப் பெண்கள் வருகிறார்கள். சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடி முகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரு பழைய தழும்பு, பருக்குழி, ஏதோ ஒன்றை மறைக்கத்தான் வருகிறார்கள். பிரஷ்ஷால்தான் தொடவேண்டும், கைபடக்கூடாது என்பது எங்கள் கம்பெனியின் சட்டம். நான் யாரும் பார்க்காதபோது கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை முதலில் வெறும் விரலால் ஒருமுறை தொடுகிறேன். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சில பெண்கள் அப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு நீ இல்லை. விரலை உடனே எடுத்துவிடாமல், அப்படியே வைத்திருக்கிறேன்.