மூச்சு விடாமல் பாடுகிறவள்

அன்பு மகள் ரோஸ்மேரிக்கு அம்மா விஜயராணி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் வேலம்பாளையத்தில் சுகமாய் இருக்கிறோம், உன் சுகத்தையும் உன் வலது முட்டியின் சுகத்தையும் தனித்தனியாக எழுது. கபடி முகாமில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருகிறார்கள், போனில் சொன்னால் நானும் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம். அப்பாவுக்கு பஞ்சு தூசி இருமல் குறைந்திருக்கிறது, பீடிதான் குறையவில்லை, நீ பேசும்போது நாலு திட்டு திட்டு. பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் டேபிளே கொடுத்திருக்கிறார்கள், லைனில் தைக்கிற ஒடிசா பிள்ளைகள் தினமும் தீதி, அதுதான் அக்கா, எப்போது இந்தியா டீமில் ஆடுவாள் என்று என்னைப் பிய்த்து எடுக்கிறார்கள்.

போன ஞாயிறு நீ சொன்னதே என் காதில் நிற்கிறது. கபடி பாடிப் போனால் பாதியில் மூச்சு அறுந்துவிடுகிறது, தவசி மாஸ்டர் சாவுக்கு வர முடியாமல் போனதிலிருந்து நெஞ்சு நிற்கவில்லை, டீமுக்கு ஆள் எடுக்கும் முன்னாலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். பெற்ற வயிறு அல்லவா, வா என்று சொல்லத்தான் வாய் துடித்தது. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது, பயப்படாமல் படி. காலனிக்குப் பின்னால் தெய்வாத்தாள் அம்மாவின் காலி இடம், நீயும் மற்ற பிள்ளைகளும் கபடி பழகிய இடம், மாஸ்டர் கட்டிங் வேலை முடிந்த கையோடு வந்து விசில் ஊதின இடம், நீங்கள் விழுந்தால் அடிபடக் கூடாது என்று நாங்கள் கம்பெனி கம்பெனியாய்ப் பனியன் வேஸ்ட் துணி சுமந்து வந்து பரப்பின இடம், அது மாஸ்டர் இறந்த பங்குனியிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. வியாழக்கிழமை பகலில் கரண்ட்டை நிறுத்தினார்கள். மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கினால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நம் காதே நமக்கு அந்நியமாகிவிடும். அந்த அமைதியில் கபடி கபடி கபடி என்று ஒரு குரல். அது உன் குரல் ரோஸ்மேரி. ஒரே மூச்சில் போய்க்கொண்டே இருந்தது, மனுஷ நெஞ்சில் அவ்வளவு மூச்சு இருக்காது. லைனில் எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

உனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முகாம் மேடத்தைக் கூப்பிட்டேன். நீ சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்பதாகச் சொன்னார், அப்போதும் இங்கே குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை, தெய்வாத்தாள் அம்மா மட்டும் வெயிலில் நின்று புது வேஸ்ட்டைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஏனுங்க விஜயராணி, இது உங்க ரோஸ்மேரி கண்ணு சத்தந்தானுங்க, மாஸ்டர் போன நாள்ல இருந்து கரண்ட் நின்னா வருதுங்க, போறதுதான் கேக்குது, திரும்பி வாரதில்லீங்க, விழுந்தா அடிபடுமேன்னுதான் இதப் போடறேனுங்க என்று, ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போலச் சொன்னார். குனிந்து பார்த்தேன். நடுக்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் வரை வேஸ்ட் காலடி காலடியாய் அமுங்கியிருந்தது, எல்லாம் போகிற தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அமுங்கியது.

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இயேசுவே என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த இடத்தில் இத்தனை வருஷமாய் நின்று கத்திய வாய் அல்லவா, ஏளா, மூச்ச விட்டுராத என்று கத்திவிட்டேன். தெய்வாத்தாள் அம்மா முகம் வெளுத்துப்போய்விட்டது. அதுவரை கரண்ட் போனால் மட்டும் கேட்ட குரல் என் சொல்லைக் கேட்டதுபோல் இப்போது நிற்பதே இல்லை, மெஷின் சத்தத்துக்கு அடியிலும் கேட்கிறது, இதை எழுதும்போதும் கேட்கிறது. காலனிப் பெண்கள் பயந்து வீட்டுக்குள் இருப்பார்கள் என்று நினைத்தேன், மறுநாளே ஆளுக்கொரு வேஸ்ட் மூட்டையோடு வந்துவிட்டார்கள், ஒடிசா பிள்ளைகளும் சுமந்து வந்தார்கள். பாடுகிறது நம் பிள்ளை, தரை மெத்தென்று இருக்கட்டும் என்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நான் உடைந்துபோய் அழுதேன்.

நீ பெட்டியோடு வந்தாலும் கட்டிக்கொள்வேன், மீன் குழம்பு வைத்துச் சோறு போடுவேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் அவள் பாடுவதை நீயும் கேட்க வேண்டியிருக்கும், உன்னைத் தவிர அவளைத் திருப்பிக் கூட்டிவர யாராலும் முடியாது. அதனால் அம்மா கேட்பது ஒன்றுதான். டீமில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஆள் எடுக்கும் அன்று ஒரு தடவை ஏறிப் பாடிப் போ, எதிரியைத் தொடு, நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து சத்தமாய் மூச்சை விடு. அந்த நேரம் நாங்கள் எல்லோரும் இங்கே அவளுக்காகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்போம்.

ஆண்டவர் உன் நெஞ்சில் குடியிருந்து காப்பார், மாஸ்டரின் ஆசீர்வாதமும் உண்டு. முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்காதே, தலைக்கு ஊற்றினால் ஈரத்தோடு படுக்காதே. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் சொல்.

நீ மூச்சு விடும் சத்தத்துக்காகக் காத்திருக்கும்,
அம்மா
விஜயராணி