இந்த விலாசத்தில் ஆள் இல்லை

பிப்ரவரி 9

காலையிலேயே தபால் பிரிக்கும் சார்ட்டிங் அறையில் சண்டை. பார்சல் ஒன்று நனைந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தவன் கூட வேலை பார்க்கும் சுருட்டைதான். தலைகீழாகத் தொங்கவிட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். போஸ்ட்மாஸ்டர் அம்மா எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்.

நான் தபால் கொடுக்கும் முட்டுச்சந்தில் மூன்றாம் எண் வீட்டு வெல்டர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார். கன்றுக்குட்டி உயரம். கேட்டுக்குப் பின்னால் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 10

படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வெல்டர் வீட்டுக்கு ஒரு கவர். கேட்டில் தாழ்ப்பாள் போடவில்லை. கவரை நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அது வெளியே வந்து இடது கெண்டைக்காலைப் பிடித்தது. கடித்துவிட்டு விடும் என்று நினைத்தேன். விடவில்லை. ஈரத் துணியை உதறுவதுபோல் உதறியது. கீழே விழுந்தேன். சதை கிழிகிற சத்தம் என் காதில் விழுந்தது. அதற்கு அப்படி ஒரு சத்தம் உண்டென்று இன்றுதான் தெரியும்.

வெல்டர் வாசலில் நின்று கத்துகிறார்: "ஓடாதீங்க சார், ஓடினாதான் கடிக்கும்!" கடித்துக்கொண்டிருக்கும்போதே!

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும். காயத்தை ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினாள். தையல் போடக்கூடாதாம். காயத்துக்குள்ளேயே ஊசியை இறக்கினாள். "அண்ணே, இது வலிக்கும். கத்தணும்னா நல்லா கத்துங்க. பக்கத்து ரூம்ல டாக்டர் தூங்குறாரு, எழுந்துக்கட்டும்" என்றாள். கத்தினேன். டாக்டர் எழுந்துகொண்டார்.

இன்னும் நான்கு ஊசிகள் பாக்கி.

பிப்ரவரி 13

இரண்டாவது ஊசி. அதே நர்ஸ். என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க தெரு தபால்காரர்தானே! நான் ஒன்பதாம் நம்பர். ரெண்டு ஷிப்ட் பார்க்கிறதால உங்க மூஞ்சியே பார்த்ததில்லை" என்று சிரித்தாள். அவள் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறதாம். பெயர் கிழவன். "என் தம்பி விட்டுட்டுப் போனது. ஒரு கண்ணு தெரியாது. பல்லு நாலு மிச்சம். உங்களைக் கடிக்கணும்னா கடன் வாங்கித்தான் கடிக்கணும்."

சிரித்தேன். கடிபட்ட பிறகு முதல் முறையாக.

பிப்ரவரி 18

வேலைக்குப் போனேன். முட்டுச்சந்து முனை வரைக்கும் போனேன். சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

அந்தத் தெருவுக்கான ஐந்து கடிதங்களிலும் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதினேன். ஐந்து வீடும் ஒரே நேரத்தில் பூட்டியிருக்குமா? சுருட்டை கவனித்தான்.

பிப்ரவரி 20

ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு கடிதம். சிறைச்சாலை முத்திரை. நர்ஸுக்கு.

வெல்டர் வீட்டைத் தாண்டாமல் ஒன்பதாம் எண்ணுக்குப் போக வழியே இல்லை.

'இந்த விலாசத்தில் ஆள் இல்லை.' நான்கே வார்த்தை. திருப்பி அனுப்பும் பையில் போட்டேன்.

பிப்ரவரி 24

நான்காவது ஊசி. மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, எனக்கு லெட்டர் ஏதாவது வந்துச்சா?"

"எங்கிருந்து?"

"மறைக்க என்ன இருக்கு. தம்பி ஜெயில்ல இருக்கான். பதினோரு வருஷம் ஆச்சு. ஏதோ சண்டையில கோபத்துல ஒருத்தரை அடிச்சிட்டான், ஆள் போயிட்டாரு. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை எழுதிடுவான். இந்தத் தடவை காணோம்."

"வரலைம்மா" என்றேன். ஊசி இன்னும் கைக்குள் இருந்தது.

"வந்தா கதவிடுக்குல சொருகிடுங்க. நான் இல்லேன்னாலும் கிழவன் பத்திரமா பார்த்துப்பான்."

பிப்ரவரி 26

மகளை அடித்துவிட்டேன்.

முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து குனிந்து, 'ர்ர்ர்' என்று உறுமிக் காலைத் தொட்டாள். பதினைந்து வயதுப் பெண் அப்பாவோடு விளையாடினாள், வேறென்ன? திரும்பிய வேகத்தில் புறங்கையால் அறைந்தேன். உதடு கிழிந்தது. வாஷ்பேசினில் ரத்தம். அவள் அழவில்லை. யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மனைவி ஐஸ் வைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நாய் கடிச்சது கால்ல. விஷம் ஏறினது கைக்கா?"

பிப்ரவரி 27

சிறையிலிருந்து மறுபடியும். இந்தத் தடவை ரிஜிஸ்டர் தபால். ஒன்பதாம் எண்.

அதே நான்கு வார்த்தை.

மார்ச் 7

போஸ்ட்மாஸ்டர் அம்மா அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் மூன்று புகார்கள். "அந்தத் தெருவே காலி ஆயிடுச்சா? எல்லாரும் ஊரை விட்டுப் போயிட்டாங்களா?" என்றார். நாய் என்றேன். "எனக்குப் புரியுது. வெல்டருக்கு நோட்டீஸ் அனுப்பியாச்சு, கட்டிப்போட்டுட்டார். திங்கக்கிழமை நீங்க உள்ள போறீங்க. இல்லேன்னா நான் மேல எழுதணும்."

வீட்டுப் பரணில் பழைய ஜன்னல் கம்பி ஒன்று கிடந்தது, ஒன்றரை அடி. பிடி வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றினேன். தபால் பைக்குள் கச்சிதமாக நிற்கிறது.

மார்ச் 9

எழுதித்தான் ஆக வேண்டும்.

கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வெல்டர் கேட் பூட்டியிருந்தது. நாயைக் கட்டிப்போட்டிருந்தார். தாண்டிட்டேன்! நெஞ்சு லேசானது. ஐந்தாம் எண், ஏழாம் எண், கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் எண் வாசலில் ஒரு வேன் நின்றது. அதைச் சுற்றித் திரும்பும்போது பின்னாலிருந்து ஈரமாக ஏதோ ஒன்று கெண்டைக்காலில் பட்டது. அதே காலில். அதே இடத்தில்.

பார்க்கவே இல்லை. அடித்தேன்.

முதல் அடி முதுகில். உள்ளே ஏதோ முறிந்தது. இரண்டாவது அடி தலையில். விழுந்துவிட்டது. விழுந்த பிறகு மூன்றாவது. மூன்றாவது எதற்கு? யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? கேட்கிறதுக்கு யார் வேணும், நானே கேக்குறேன் — எதுக்குடா மூணாவது?

அப்புறம்தான் பார்த்தேன். நரைத்த மூக்கு. ஒரு கண் பால் மாதிரி வெள்ளை. வாயெல்லாம் ரத்தம். மோந்து பார்க்கத்தான் வந்திருக்கிறது. வால் இரண்டு தடவை தரையைத் தட்டியது. பிறகு தட்டவில்லை.

நிமிர்ந்தால் தெருமுனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து வருகிறாள், தோளில் பை. ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தாள், மனிதனுக்குப் பார்ப்பதுபோல.

வெல்டர் வேலி தாண்டி வந்தார். ஒரே குத்து. பல் ஒன்று போய்விட்டது. தரையில் போட்டு மிதித்தார். "என் நாய் கடிச்சுதுன்னா என்னை வந்து கேளுடா! அந்தக் கிழட்டு ஜீவனை எதுக்குடா கொன்ன?" விலா எலும்பில் மிதி விழும்போதெல்லாம், நியாயமாத்தானே கேக்குறார் என்று தோன்றியது. நான்கு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

நர்ஸ் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளைச் சீருடையெல்லாம் சிவப்பு.

மார்ச் 10

கடைசி ஊசி நாள். போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். போனேன்.

அவள்தான் டியூட்டியில் இருந்தாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. "எந்தக் கை?" அவ்வளவுதான். போட்டாள். பஞ்சை வைத்து அழுத்தினாள்.

எழுந்து வந்திருக்கலாம். வாய் தானாகத் திறந்தது. "உங்க தம்பிகிட்டருந்து லெட்டர் வந்துச்சு."

"எப்ப?"

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணு ரிஜிஸ்டர். திருப்பி அனுப்பிட்டேன். பயத்துல."

"என்னன்னு எழுதி அனுப்புனீங்க?"

சொன்னேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஆள் இல்லைன்னா... அக்கா தன்னைத் தலைமுழுகிட்டு எங்கயோ போயிட்டாள்னுதானே அவன் நினைப்பான்?" என்றாள், மெதுவாக. அப்புறம் பக்கத்தில் இருந்த எஃகுத் தட்டை எடுத்து முழு பலத்தோடு என் முகத்தில் அடித்தாள். கத்தரி, பாட்டில், எல்லாம் சிதறின. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் அசையவில்லை.

பிறகு அவளே புதுப் பஞ்சு எடுத்து, புருவத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டினாள். ஒட்டும்போது அவள் மூச்சு என் நெற்றியில் விட்டுவிட்டு விழுந்தது. "வெளிய போங்க" என்றாள்.

மார்ச் 12

நர்ஸ் சிறைக்கே போய் விசாரித்தாளாம். சுருட்டை சொன்னான். தம்பியை மார்ச் 6-ஆம் தேதி விடுதலை செய்துவிட்டார்கள். வந்து கூட்டிப்போ என்றுதான் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தான். இரண்டு கடிதமும் அவன் கைக்கே திரும்பிப் போயிருக்கின்றன. என் கையெழுத்தோடு.

எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 13

எல்லாவற்றையும் எழுதி போஸ்ட்மாஸ்டர் அம்மாவிடம் கொடுத்தேன். நாய், கம்பி, எத்தனை கடிதம், என்னென்ன பொய். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்க எழுதாம இருந்திருந்தா நான் ஏதாவது பண்ணி உங்களைக் காப்பாத்தியிருப்பேன்." தெரியும்மா என்றேன். விசாரணை முடியும்வரை தற்காலிக வேலைநீக்கம்.

மார்ச் 17

சிறை வாசலுக்குப் போனேன். எதிரே பெட்டிக்கடை. கடைக்காரருக்கு நினைவிருக்கிறது: "ரெண்டு நாளா இந்த பெஞ்சிலயே உக்காந்திருந்தாரு. யாராச்சும் வருவாங்களான்னு கேட்டேன். ஆள் இல்லைன்னாரு. அப்புறம் மரம் ஏத்துற லாரி ஒண்ணு வந்துச்சு, கிளீனர் வேணும்னான். ஏறிப் போயிட்டாரு."

எந்த மரக்கடை லாரி? தெரியாதாம்.

மார்ச் 19

மரக்கடைகள் மொத்தம் இருபத்தாறு. இன்றோடு ஒன்பது முடிந்தது. ஒவ்வொன்றிலும் நாய். வாசலில் நின்று கத்திக் கூப்பிடுகிறேன், யாராவது வந்து பிடித்துக்கொள்ளும் வரைக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகள் இன்று பேசினாள். "தள்ளுங்க" என்றாள். வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 21

பதினான்காவது மரக்கடை. கூப்பிட்டுப் பார்த்தேன், அறுவை இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே நடந்தேன். இரண்டு வந்தன.

பக்கத்தில் விறகுக் குவியல். கை நீட்டினால் கட்டை. நீட்டவில்லை. வீரமெல்லாம் இல்லை, நீட்டினால் மூன்றாவது அடியும் விழும் என்று தெரியும். கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டு படுத்தேன். ஒன்று சட்டையைக் கிழித்தது. இன்னொன்று முழங்கைக்குக் கீழே கவ்வி எலும்பு வரைக்கும் பல்லை இறக்கியது. அம்மா என்று அலறினேன். இயந்திரம் நின்றது. ஆட்கள் வந்து தடியால் விரட்டினார்கள்.

மேஸ்திரி துண்டைக் கொடுத்துக் கட்டச் சொன்னார். "யோவ், யாருய்யா நீ? உயிர் மேல ஆசை இல்லையா?"

"ஜெயில்லருந்து வந்தவரு ஒருத்தர் லாரியில ஏறினாராம். இங்க இருக்காரா?"

"அட, அந்தப் பேசாமடந்தையா! லோடு ஏத்திட்டுப் போயிருக்கான். வியாழக்கிழமை திரும்புவான். நீ அவனுக்கு யாரு?"

என்ன சொல்வது? "தபால்காரன்" என்றேன்.

நேராக ஆஸ்பத்திரி. நர்ஸ் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏற்கனவே அஞ்சு போட்டதால இந்தத் தடவை ரெண்டு போதும்." கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முழுதாகக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப்போட்டு, முடிச்சுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். "எந்த மரக்கடை?"

மார்ச் 26

வியாழன். நான் போகவில்லை. அங்கே எனக்கு என்ன வேலை?

ஏப்ரல் 2

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாராம். வெல்டர்தான் தன் வண்டியில் கூட்டிவந்தாராம். சுருட்டை சொன்னான்.

மே 25

விசாரணை முடிந்தது. கடுமையான எச்சரிக்கை, இரண்டு வருடம் பதவி உயர்வு கிடையாது. "உள்ளேயே சார்ட்டிங் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர் அம்மா. பழைய தெருக்களையே கேட்டேன்.

மனைவி, "பைத்தியமா?" என்றாள். மகள் என் காலணியை எடுத்து வாசலில் வைத்தாள்.

ஜூன் 3

முட்டுச்சந்துக்கு இன்று நான்கு கடிதங்கள். ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு ரிஜிஸ்டர், தம்பியின் பெயருக்கே. ஏதோ வேலைக்கான ஆணை.

கேட்டைத் திறந்தவர் என்னைவிட ஒரு தலை உயரம். அகலமான கைகள். என்னை அவருக்குத் தெரியவில்லை. கடிதத்தை வாங்கிப் பெயரைப் படித்தார், தன் பெயர்தானா என்பதுபோல. நான் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டியபோது என் கண் அவர் காலுக்குப் பின்னால் தேடியதைக் கவனித்துவிட்டார்.

"நாய்க்குப் பயப்படுறீங்களா? இங்க இல்லைங்க. ஒண்ணு இருந்துச்சு, நான் வளர்த்தது. வயசாகிச் செத்துப்போச்சுன்னு அக்கா சொன்னா."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய கைகளைப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவன், யாரிடம் எவ்வளவு நேரம் நின்று பேசுகிறான்?

"வயசாகி இல்லை. நான்தான் அடிச்சுக் கொன்னேன். உங்க லெட்டரைத் திருப்பி அனுப்பினதும் நான்தான்."

அவர் கை கேட் கம்பியை இறுக்கியது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. மூடவில்லை.

"எத்தனை அடி?" என்றார்.

"மூணு."

தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒரே அடிதான்" என்றார்.

பிறகு பேனாவை வாங்கி, கடிதத்தைச் சுவரில் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெல்டர் வீட்டுக்கும் ஒன்று இருந்தது. திரும்பும்போது கொடுத்தேன்.