சித்தேரியில் ஓடுமா?

ஜூன் 3, செவ்வாய்

சித்தேரி மலையிலிருந்து மாணவி சுசித்ரா மறுபடியும் போன். "அக்கா, வீடியோ சுத்திக்கினே இருக்குதுங்க. கணக்குப் பாடம் பாதியில நின்னுருது." குரூப் ஃபோர் தேர்வுக்கு ஐந்து வாரம்தான். மலையிலிருந்து மட்டும் அறுபது பேர் எங்கள் ஆப்பில் படிக்கிறார்கள்.

சி.டி.என். போட்டே ஆக வேண்டும் என்கிறான் இளம்பரிதி. பாடத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து அனுப்பும் சேவை. பாடம் நடத்துவது நான், கணினி வேலை அவன். கல்லூரி முடித்ததிலிருந்து கூட்டாக நடத்துகிறோம். நாலு கம்பெனி இருக்க, பெங்களூர் கம்பெனி ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறான். ஏன்?

ஜூன் 6, வெள்ளி

இன்னொரு கம்பெனியின் மாதவராஜ் அதியமான்கோட்டை அலுவலகத்துக்கே வந்தார். வேகத்தைக் காட்டும் வரைபடம் வைத்திருந்தார், எல்லாம் பச்சை. இளம்பரிதி எழுந்து வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, "மேடம், அந்த பெங்களூர்க்காரங்க சிபாரிசு பண்றவங்களைத் தனியா கவனிப்பாங்க. பார்த்துக்கங்க" என்றார்.

இவரும் விற்க வந்தவர்தான். தெரிகிறது. ஆனாலும் —

ஜூன் 7

அவன் போனைப் பார்த்துவிட்டேன். பெங்களூர் எண்ணுக்கு இந்த வாரம் மட்டும் பதினோரு அழைப்பு.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு கம்பெனியும் சோதனை இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் சொல்லாமல் சித்தேரி பஸ் ஏறினேன். சுசித்ராவின் போனிலேயே பார்த்தோம். மாதவராஜ் கொடுத்தது இரண்டு நிமிடத்தில் நின்றது. மறுபடி போட்டோம், மறுபடியும் நின்றது. அந்தப் பச்சை வரைபடத்தை எந்த ஊரில் எடுத்தாரோ! பெங்களூர்க்காரர்களுடையதில் பாடம் கடைசிவரை ஓடியது. "இதுவே இருக்கட்டுங்கக்கா" என்றாள்.

மலை இறங்கும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

ஜூன் 11

கமிஷன் வாங்குகிறானோ என்று சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். போனைப் பார்த்ததையும் சொன்னேன். "கமிஷன் எல்லாம் இல்ல. அங்க வேலை கேட்டிருந்தேன். நேத்து ஆர்டர் வந்துருச்சு" என்றான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தக் கம்பெனியை நீ தொட்டிருப்பியா?"

தொட்டிருக்க மாட்டேன். அதுதான் வலிக்குது. எனக்கு நல்லதைச் சொன்னானா, தனக்கு நல்லதைப் பார்த்துக்கினானா? ரெண்டுமா? கேக்கத் தோணல.

ஜூன் 16, திங்கள்

பெங்களூர் கம்பெனிக்கே கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது வகுப்பு தொடங்கிய முதல் நாளே பென்னாகரம் பக்கம் வீடியோ நின்றுவிட்டது. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன்.

"வணக்கங்க, இளம்பரிதி பேசறேன். என்ன பிரச்சினைங்க?"

என் குரல் தெரிந்திருக்கும். தெரியாமலா? வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

இல்லைங்க என்றேன்.