பம்பருக்குப் பின்னால் கட்டிய கருவாடு

சுன்சோன்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் யேசோலுக்கு,

அப்பா எழுதுவது. ஆஸ்திரேலிய வெயிலில், அந்த மாம்பழப் பண்ணையில், நீ தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலி என்று உன்னிடம் சொல்லியிருப்பாள், அதை நம்பாதே, முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் எடுத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், செய்தி அனுப்பினால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். அதனால் அவள் உனக்குக் கட்டிவைத்திருக்கும் பார்சலில் கடற்பாசித் தாள்களுக்கு அடியில் இதைச் சொருகுகிறேன். எனக்கு சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், கடிதமும் அப்படியே இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் உன் அம்மா வழக்கம்போல் காலை ஏழேகாலுக்குப் பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கிளம்பினாள். ஏரிக்கரைச் சாலை முழுக்க மூடுபனி. விடிந்துவிட்டதே என்று ஹெட்லைட் போடவில்லை. நம் வண்டி சாம்பல் நிறம், பனியும் சாம்பல் நிறம். அந்தக் கிளைச்சாலை வளைவில் கோஸ் ஏற்றிய லாரி ஒன்று நேராக வெளியே வந்து வலப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றது. இன்னும் ஒரு கை அகலம் உள்ளே வந்திருந்தால் நான் வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த டிரைவர் இறங்கி வந்து, "என்னம்மா, பனியோட பனியா வந்தா யாருக்குத் தெரியும், ஒரு லைட்டைப் போட்டுக்கிட்டு வரக்கூடாதா" என்று கேட்டானாம். அவன் கேட்டதில் தப்பில்லை. நீ இங்கே இருந்தவரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "அம்மா, லைட்டு" என்று சொல்வாய், நீ போன பிறகு சொல்ல ஆள் இல்லை, இது நடந்ததைச் சொல்கிறேனே தவிர உன்மேல் குற்றம் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று வண்டியை வாசலில் போட்டுவிட்டு நாற்பது நிமிஷம் நடந்து போய் பஸ் பிடித்தாள். அந்த பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? காய்கறி லாரி ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரும், அதை எடை பார்த்து இறக்க வேண்டியவள் இவள், இவள் போய்ச் சேர எட்டேகால் ஆகிறது. சமையலறைப் பொறுப்பு ஆசிரியை கூப்பிட்டு, "அக்கா, டிசம்பர் பத்தாம் தேதி அடுத்த வருஷத்துப் பேர்ப் பட்டியல் போகுது, காலையில நேரத்துக்கு வர முடியலன்னா உங்க பேரை நான் எப்படி எழுதறது" என்று தன்மையாகத்தான் கேட்டிருக்கிறாள். பதினோரு வருஷ வேலை. முந்நூற்று நாற்பது பிள்ளைகளில் எவன் கேரட்டை ஒதுக்குவான், எவள் இரண்டாம் தடவை சூப் கேட்க வெட்கப்படுவாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலை போனால் அவள் வீட்டில் உட்கார்ந்து என்னைத்தான் எடை பார்ப்பாள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், இது லைட் பிரச்சினை. மறந்து போகிற ஆளுக்கு மறக்க முடியாத லைட் போட்டால் தீர்ந்தது. இப்போது வருகிற புது வண்டிகளில் எஞ்சின் போட்டதுமே முன்னால் தானாக எரியும் வெள்ளை எல்ஈடி பகல் விளக்கு இருக்கிறதே, அது நம் பழைய வண்டியில் கிடையாது, வாங்கி பம்பரில் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். உன் பியோங்து மாமா காதில் இது விழுந்ததும் இன்டர்நெட்டில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "மச்சான், இது ஓடுற லைட்டு, நீலத்துல ஆரம்பிச்சு ஊதாவுல முடியும்" என்றான். "உன் அக்கா சமையலறைக்குப் போறா, கரோக்கி கடைக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீல விளக்கோடு போனால் வண்டிப் பரிசோதனையில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், இது தெரியாத ஒருவன் எப்படி நாற்பது வயது வரை வண்டி ஓட்டினான் என்று எனக்குப் புரியவில்லை. நான் சான்று முத்திரை உள்ள ஜோடி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பரைக் கழற்றி, தரையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே உயரம் அளந்து, டேப் ஒட்டிக் குறித்து, துளை போட்டு மாட்டினேன். பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுக்கிற சோம்பேறி வேலை எல்லாம் செய்யவில்லை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற ஃபியூஸிலிருந்து எடுத்து, ரிலே வைத்து, ஹெட்லைட் போட்டால் இது பாதியாக மங்கும்படி செய்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "இப்பவாவது வண்டிக்கு ஒரு பூசை போட்டுடலாமா" என்றாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதை வாங்கியபோதும் இதையே கேட்டாள், பழைய வண்டிக்குப் பன்றித் தலை வைத்துப் படையல் எதற்கு, போடுவதானால் முதலில் வாங்கியவன் போட்டிருப்பான் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் சிரித்துவிட்டு, "வண்டிக்கு வேண்டியது கரண்ட்டு, அது வந்துடுச்சு, பிரச்சினை தீந்துது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

மூன்றாம் நாள் வலது பக்க விளக்கு எரியவில்லை. நான் விடியற்காலை ஐந்து மணிக்கே பஸ் டிப்போவுக்குப் போகிறவன், சாயங்காலம் வந்து குளிரில் பம்பரைக் கழற்றினால் ஒயர் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு தொங்குகிறது. நானே சரியாக அழுத்தவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு புதிதாகப் போட்டேன். அங்கே ஒரு துண்டு வெள்ளை நூல் கிடந்தது, துடைக்கிற துணியிலிருந்து வந்தது என்று எடுத்துப் போட்டேன். ஐந்து நாள் கழித்து இரண்டு பக்கமும் போச்சு. மாமா வந்து நின்று, "டிப்போவுல அறுபது பஸ்ஸுக்கு லைட் பாக்கற ஆளு, வீட்டுல ரெண்டு லைட்டு எரியல" என்று சொல்லிவிட்டு என் காபியையும் குடித்துவிட்டுப் போனான். யேசோல், எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. தெரியாத வேலை கெட்டால் பரவாயில்லை, தெரிந்த வேலை கெட்டால் தூக்கம் வராது. மூன்றாவது தடவை பம்பரை முழுக்க இறக்கித் தரையில் வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே குறுக்குக் கம்பியில், பூசையில் வைத்து வண்டிக்குக் காவலாகக் கட்டுவார்களே, அந்த வெள்ளை நூல் சுற்றிய கருவாடு. பாதிதான் இருந்தது, மீதியைப் பூனை தின்றிருந்தது, கம்பி முழுக்கப் பூனை மயிர். உன் அம்மா பானெட்டைத் திறந்து, மேலிருந்து கையை விட்டு, நூலைக் கட்ட வாகாக ஒரு கறுப்புக் கயிறு இருக்கிறதே என்று என் ஒயரில் கட்டியிருக்கிறாள். பூனை கருவாட்டை இழுக்கும், கருவாடு ஒயரை இழுக்கும். முதல் கருவாடு காணாமல் போனதும் இன்னொன்று வாங்கி வந்து இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். டிப்போப் பழக்கத்தில் நான் ஒவ்வொரு தடவை வேலை செய்யும்போதும் வண்டி ஓடிய கிலோமீட்டரைப் பானெட்டுக்கு உள்பக்கம் ஸ்டிக்கரில் எழுதிவைப்பேன். மூன்றாவதாக எழுதப் போனபோதுதான் பார்க்கிறேன், மூன்று வரியிலும் ஒரே எண். இரண்டாம் தடவையே பார்த்திருக்க வேண்டும், கண் விளக்கில் இருந்தது. லைட் போட்ட நாளிலிருந்து வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை. போய்க் கேட்டால், நான் கிளம்பிய பிறகு தினமும் வந்து உட்காருவாளாம், எஞ்சினைப் போடுவாளாம், பத்து நிமிஷம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பாளாம், பிறகு அணைத்துவிட்டு நடந்தே போய் பஸ் பிடிப்பாளாம். எஞ்சின் சூட்டுக்குத்தான் பூனை வந்தது. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கத்தினேன், அதை மறைக்கவில்லை. "நான் லைட் மாட்டறேன், நீ பூனைக்கு விருந்து வைக்கறியா" என்று கேட்டேன். இன்னும் ஏதேதோ கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "யேசோல் அப்பா, மத்தவன் என்னைப் பாக்கறதுக்கு நீங்க லைட் போட்டீங்க. அந்த வளைவு வர்றப்ப எனக்குக் கை நடுங்குதே, அதுக்கு எந்த ஃபியூஸ்ல இருந்து ஒயர் எடுப்பீங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக என்கூட இருந்ததில் என் பாஷையை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றேன். "நீங்கதான் தீந்துதுன்னு சொல்லிட்டீங்களே, இன்னும் தீரலன்னு எப்படிச் சொல்றது" என்றாள். பம்பரை மாட்டினேன்.

சனிக்கிழமை பூசை போட்டோம். பன்றித் தலைக்குப் பதில் மாமா ஒரு பன்றி உண்டியலைக் கொண்டுவந்தான், "தலைதானே வேணும், இதுக்கு முழு உடம்பே இருக்கு" என்றான். நாலு சக்கரத்திலும் மக்கொல்லி அரிசிக் கள்ளை ஊற்றினோம், நானும் விழுந்து கும்பிட்டேன், பல் தெரியச் சிரித்தால் மறுபடி முதலிலிருந்து கும்பிட வைப்பேன் என்று உன் அம்மா சொன்னதால் மாமாவும் ஒழுங்காகக் கும்பிட்டான். புதுக் கருவாட்டை மூடி போட்ட டப்பாவில் வைத்து டிக்கியில் வைத்தேன், ஒயருக்கும் அதற்கும் நாலு மீட்டர் தூரம். அப்புறம் நான் பக்கத்தில் உட்கார அவள் ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டினாள். வளைவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டாள். நான் ஒரு நிமிஷம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை, "பனி இல்ல, லாரி இல்ல, லைட் எரியுது, பூசையும் போட்டாச்சு, இன்னும் என்ன" என்று கேட்டுவிட்டேன். அவள் சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே வண்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தேன், திரும்பியே பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபமா என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து டிப்போ மேற்பார்வையாளரிடம் போய் இரண்டு வாரத்துக்கு எட்டரை மணி ஷிஃப்ட் கேட்டேன். பதினாறு வருஷத்தில் நான் கேட்ட முதல் சலுகை, அதனால் காரணம்கூடக் கேட்காமல் கொடுத்துவிட்டான். உன் அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னேன், நான் டிப்போவுக்கு ஓட்டிப் போகிற என் டிரக்கில் முன்னால் போகிறேன், நீ வந்தால் வா, வராவிட்டால் போ. பக்கத்தில் உட்கார்ந்தால் நான் வாயைத் திறப்பேன், முன்னால் போனால் கண்ணாடியில் பார்க்க மட்டும்தான் முடியும். வியாழக்கிழமை நல்ல பனி. பின்னால் அவள் வருகிறாள், வண்டி தெரியவில்லை, ஹெட்லைட்டும் அதற்குக் கீழே நான் மாட்டிய இரண்டு வெள்ளைக் கோடும் மட்டும்தான் தெரிகிறது. வளைவுக்கு முன்னால் அது நின்றது. நானும் கொஞ்சம் தள்ளி ஓரம் கட்டி நாலு பக்க விளக்கையும் சிமிட்ட விட்டேன். ஹார்ன் அடிக்கவில்லை, போன் பண்ணவில்லை, இறங்கிப் போகவில்லை. பதினொரு நிமிஷம். யேசோல், பஸ் எஞ்சினையே இறக்கி ஏற்றிவிடுகிற நேரம் மாதிரி இருந்தது எனக்கு. பிறகு அந்த இரண்டு கோடும் மெதுவாகப் பெரிதாயிற்று. வெள்ளிக்கிழமை நாலு நிமிஷம். வளைவு தாண்டியதும் நான் பயத்தில் நத்தை மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன் போல, பின்னாலிருந்து அவள் ஹார்ன் அடித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் பயந்து ஓரமாக ஒதுங்கி நின்றால், கண்ணாடியை இறக்கி, "நீங்க இப்படி ஊந்தா காய்கறி லாரி எனக்கு முன்னாடி போய் நிக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். ஏழு நாற்பத்தொன்றுக்குப் பள்ளிக்கூட வாசலில் இருந்தாளாம். நான் சாலையோரம் டிரக்கில் உட்கார்ந்திருந்தேன், யாருக்கு முன்னால் போவது என்று தெரியாமல்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன், ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் பட்டது போதும். பத்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்து பேசும்போது முழங்காலைப் பற்றிக் கேட்காதே, தைரியமாக இரு என்று சொல்லாதே, இன்று பிள்ளைகளுக்கு என்ன சமைத்தாய் என்று மட்டும் கேள். தானாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், அது எனக்கு வராது, உனக்கு வரும். நீயும் உன் சிநேகிதிகளும் அங்கே வாங்கியிருக்கிற அந்த ஓட்டை வண்டியில் நாலு டயரையும் பார், பின்பக்க பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருத்தி மிதிக்க ஒருத்தி நின்று பார்க்க வேண்டும், படம் எடுத்து எனக்கு அனுப்பு. அந்த ஊரில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைத் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள். நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் கூட இருந்து, போன வேலையை முடித்துக்கொண்டு முழுசாக வீடு வந்து சேர். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, உன் அம்மாவிடம் மூச்சு விடாதே.

நாளைக்குத் திங்கள். நாளைக்கும் நான் முன்னால் போவேன். அவள் ஹார்ன் அடிக்கிறவரை போவேன்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா