இரண்டில் வைக்கும் கால்

நனாவோ, சனிக்கிழமை மதியம்

அன்புள்ள மிஹோவுக்கு, அம்மா எழுதுவது. பிடிக்காத ஒன்றை எதற்காக வாரா வாரம் போய்க் கற்றுக்கொள்கிறாய் என்று போன தடவை போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மழை பிடித்துக்கொண்டதில் துவைத்த துணி எதுவும் காய்வதில்லை, வெலிங்டனில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இந்த ரூம்பா நடனச் சங்கதியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பொதுக்கூடத்து நடன வகுப்பில் ஆண்கள் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் உயரமான பெண்கள் கழுத்தில் நீல நாடா கட்டிக்கொண்டு ஆணின் அடியை ஆட வேண்டும். என் உயரம் உனக்குத் தெரியும். எனக்கு ஜோடி, மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் அம்மாள் நெமோதோ-சான். நாளை கனாசாவாவில் அவருக்கு வெண்கலப் பதக்கத் தேர்வு. அடுத்த மாதம் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு ஆட முடியுமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறாராம். வாத்தியார் ஒகாதா தானே ஜோடியாக வருகிறேன் என்றார். நெமோதோ-சான் ஒப்பவில்லை. "வாத்தியார் கூட ஆடினா அவரே என்னத் தூக்கிட்டுப் போயிடுவாரு, அப்பறம் பதக்கம் யாருக்கு" என்கிறார். ஆக, எழுபதை நெருங்கும் ஒருவரின் கடைசித் தேர்வு என் இடது காலை நம்பி நிற்கிறது.

அடி என்னவோ சுலபம்தான். ஒன்று என்னும்போது கால் அசையாது, இடுப்பு மட்டும் அமரும். இரண்டில் நான் இடது காலை முன்னே, அவர் நிற்கும் இடத்துக்குள் வைக்க வேண்டும், அவர் பின்னே போவார். மூன்றில் எடை திரும்பும், நான்கில் கால் பக்கவாட்டில் போகும். மருந்தியல் படித்தவளுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் இரண்டு வரும்போது அவர் இன்னும் அங்கேயே நிற்கிறாரே, எப்படிப் போய் இடிப்பது. அவர் விலகட்டும் என்று நானும், நான் வரட்டும் என்று அவரும் காத்துக்கொண்டிருக்க, பாட்டு தன் வழியே போய்விடுகிறது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக் குனிந்து, நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டதும் நடந்தது. ஒகாதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மருந்துக்கடை அம்மா, யாரோ வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கிற மாதிரி நிக்கறீங்க, உள்ள போங்கம்மா" என்கிறார். சந்தையில் வாங்க வந்தவர்களையே விரட்டுகிற நெமோதோ-சானின் வாய், என்னிடம் மட்டும் "அவசரமில்லைங்க, உங்க வசதிக்கு வாங்க" என்கிறது. அந்த மரியாதைதான் என் உயிரை வாங்குகிறது. உன் அப்பாவோ செய்தித்தாளை இறக்காமலே, "வீட்டுல என்ன ஏறி மிதிக்க உனக்கு எண்ணிக்கையே தேவைப்படலியே" என்கிறார்.

உன் அறையில் ஹீட்டர் கெட்டு ஒரு வாரமாகியும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையாமே. இதில் என்ன கூச்சம், அவருக்குத் தொந்தரவு என்று நீ விறைத்துக்கொண்டு கிடப்பதா, நாளைக்கே போய்ச் சொல். ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே. மிசோ விழுதும் உலர்ந்த மீனும் தனியாக அனுப்பியிருக்கிறேன், வந்ததும் ஒரு வரி எழுது. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமைய வேண்டும், உடம்பு பத்திரம்.

அன்புடன்,
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன், ஞாயிறன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பாட்டு தொடங்கியது, இரண்டு வந்தது, நான் நின்றேன். அடுத்த இரண்டும் போயிற்று. நடுவர் எங்களைப் பார்த்தார். நெமோதோ-சான் முகத்துச் சிரிப்பு மாறாமல், பல்லிடுக்கில், சந்தைக் குரலில், "இந்தாம்மா, வர்றியா இல்லியா, மீன் நாறிப்போகுது" என்றார். போனேன். அவர் கால் கட்டைவிரல் மேலேயே போனேன். மன்னிப்புக் கேட்க நேரமில்லை, அடுத்த இரண்டு வந்துவிட்டது. மயிரிழையில் தேறிவிட்டார். திரும்பும் ரயிலில் ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதக்கத்தைப் பிடித்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். விரல் நீலமாக வீங்கியிருந்தது. நம் நனாவோ நிலையம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. கடைசி நிலையமான வாகுரா வரை போய்த் திரும்பி வந்தோம். ரயில் தாமதம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.